கொழும்பு வந்த காரணம்

— இது ரொட்டிதானே அண்ணை? ரொட்டிக்குள்ள கவுப்பிப் பயறை வைச்சு மடிச்சுப்போட்டு, மேல தக்காளிச் சம்பலை ஊத்திப்போட்டு, இதுக்கு வாயில நுழையாத ஒரு பேரோ?

— ரொட்டிதாங்கம்மா. கொத்துரொட்டிக்குப் பெசையிற அதே மா. எங்க தொரை அமெரிக்காவுல இருவது வருசம் இருந்தவரு. அங்க ஒரு மெக்சிக்கோக்காரன் கடையில கோப்பை கழுவித் தொழில் படிச்சிட்டு வந்து, இங்க வெள்ளவத்தையில தொறந்திருக்காரு. பேரு மட்டுந்தான் அங்கேருந்து வந்துச்சு. சரக்கெல்லாம் நம்ம சந்தைச் சரக்கு.

— சுவரில அந்தப் பெரிய தொப்பி?

— புறக்கோட்டையில வாங்குனது. வயலுக்குப் போடுற தொப்பி. தொரை செவப்புப் பெயின்ட் அடிச்சு மாட்டுனாரு. அதப் பாத்துத்தான் சனம் தொப்பிக்கடைங்குது. சாப்பிடுங்க, சூடு போயிரும்.

— ஆறிப்போச்சு.

— என்னாங்க?

— சாப்பாடு ஆறிப்போச்சு அண்ணை.

— இப்பதாங்கம்மா கல்லுலருந்து எடுத்தேன். ஆவி பறக்குதுங்களே. சரி, குடுங்க, வேற போட்டுத் தாரேன்.

— வேண்டாம், வையுங்கோ. சும்மா சொல்லிப் பாத்தனான். ஆறிப்போச்செண்டு சொன்னால் இப்ப என்ன சொல்லுவியள் எண்டு பாக்க. அண்டைக்கு வேற மாதிரி எல்லோ சொன்னனீங்கள்.

— என்னைக்குங்க?

— மூண்டு கிழமைக்கு முதல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதே ஜன்னலடி மேசை. ஒரு பெடியன் தனிய வந்து இதைத்தான் கேட்டு வாங்கினவன். ஆறியிருக்கெண்டு சொல்ல, "சூடு வேணும்னா காலி ரோட்டுல கொண்டுபோய் வெயில்ல வச்சுத் தின்னு" எண்டு சொன்னனீங்களாம்.

— நீங்க யாருங்க?

— மாக்ரெட். பீற்றரின்ர அக்கா. மன்னாரில இருந்து வந்தனான்.

— நஸீறா! புள்ள நஸீறா! கவுண்டரை விட்டுட்டு வந்து அந்தக் கதவுப் பலகையைத் திருப்பி வையி. மூடியாச்சுங்கிற பக்கம் வெளிய தெரியட்டும்.

— ஏன் தங்கையா அண்ணன்? மூணு மணிதானே ஆவுது. பின்னேரச் சனம் இனித்தானே வரும்.

— திருப்பி வையிங்கிறேன்.

— பூட்டாதேங்கோ தங்கச்சி. பலகையைத் திருப்பினால் காணும். நான் சண்டை பிடிக்க வரேல்லை.

— இவங்க யாரு அண்ணன்? ஏன் உங்கட மூஞ்சி இப்பிடிப் போச்சி?

— பீற்றரோட அக்கா.

— எந்தப் பீற்றர்? அல்லாவே. கீழ படியில வச்சிப் பொலிசு புடிச்சொண்டு போன அந்தப் புள்ளட ராத்தாவா? இரிங்க, இரிங்க. தண்ணி குடிச்சீங்களா? அண்ணன், ஒரு தண்ணியும் வைக்கல்லயா நீங்க?

— வைச்சவர். கவனிப்பு இண்டைக்குக் குறைவில்லை.

— பதினோரு நாளாச்சி. அவர் எங்க ஈக்கிறாரு எண்டு தெரிஞ்சிச்சா?

— தெரியும் நஸீறா. இருக்கிற இடம் தெரியிறதே இப்ப பெரிய காரியம். எத்தினை தாய்மாருக்கு அதுகும் தெரியாது. நேற்று இருவது நிமிசம் காட்டினவங்கள். ரெண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நிண்டான். தலை மயிரை ஒதுக்கி விடடா எண்டன். கை உயராதக்கா எண்டான்.

— உம்மாடியோ.

— நான்தான் ஒதுக்கி விட்டனான். இருபத்தாறு வயசு.

— என்னாத்தக் கேக்குறாங்க அவருகிட்ட?

— ஒரே ஒரு கேள்விதான் அண்ணை, விடிய எழும்பினதிலயிருந்து படுக்கும் வரைக்கும். இந்தக் கடுதாசியை ஆர் எழுதினது?

— இதை எப்புடி... இது உங்களுக்கு எப்புடிக் கெடச்சுச்சு?

— போட்டோக்கொப்பி. லோயர் எடுத்துத் தந்தவர். வாசிக்கட்டோ? முழுப்பெயர். தற்காலிக விலாசம், தொலைபேசி இலக்கம். நிரந்தர விலாசம். அடையாள அட்டை இலக்கம். கொழும்பு வந்த காரணம். எவ்வளவு காலம் தங்குவீர்? உடன் தங்குவோர் விபரம். எல்லாத்துக்கும் கீழ, கடைசி அடியில, ரெண்டு கோடு. "உணவும் சேவையும் பற்றி."

— அது எங்க கடை அட்டைதான். கஸ்டமர் கருத்துச் செல்லுற அட்டை.

— நீ சும்மா இரு நஸீறா.

— ஏன் அண்ணன்? ஒளிக்க என்ன ஈக்கிது இதுல? ராத்தா, முதலாளி அமெரிக்காவுல இருந்து ஒரு அட்டை கொண்டு வந்தாரு. அதுல சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி எல்லாம் போட்டு இங்கிலீசுல ஈந்திச்சி. சாப்பிட்டு முடிஞ்சதும் எல்லாருக்கிட்டயும் குடுத்துக் கருத்துக் கேக்கணும் எண்டாரு. நம்ம சனத்துக்கு இங்கிலீசு வெளங்காதே, தமிழ்ல ஒண்டு செய்யுங்க எண்டு அண்ணன்ட கையில குடுத்தாரு. அண்ணன்ட எழுத்துத்தான் முத்து மாதிரி ஈக்குமே. அத அப்பிடியே கொப்பி அடிச்சி...

— நஸீறா!

— நீங்களோ எழுதினது அண்ணை?

— தொரை சொன்னாருங்க. நான் எழுதுனேன். நான் என்னா கண்டேன்?

— கருத்துக் கேக்கிற அட்டையில அடையாள அட்டை இலக்கம் என்னத்துக்கு?

— தங்கச்சி, நான் பொகவந்தலாவைத் தோட்டத்துல பொறந்தவன். முப்பத்தொரு வருசமா கொழும்புல எச்சிக்கோப்பை எடுக்கிறேன். இந்த முப்பத்தொரு வருசத்துல என் கைக்கு வந்த பாரம் ஒண்ணே ஒண்ணுதான். பொலிசுல பதியிற பாரம். ரூம் மாறுனா நெரப்பணும். கடை மாறுனா நெரப்பணும். சொந்தக்காரன் ஒரு ராத்திரி வந்து தங்குனாலும் நெரப்பணும். எழுதப் படிக்கத் தெரியாத நம்ம ஆளுக எல்லாத்துக்கும் நான்தான் நெரப்பிக் குடுப்பேன். அது எனக்கு மனப்பாடம். பாரம்னா அப்புடித்தான் இருக்கும்னு நெனச்சேன். கீழ ரெண்டு கோட்டை மட்டும் நானாப் போட்டேன்.

— சனம் ஒண்டும் கேக்கேல்லையோ?

— அதுதான் ராத்தா வேடிக்கை. ஒருத்தருமே கேக்கல்ல. பாரத்தக் கண்டதும் பயந்து, பேனையைத் தாங்க எண்டு கேட்டு, எல்லாத்தையும் நிரப்பிட்டுத்தான் போனாங்க. அடையாள அட்டையத் தானா எடுத்து மேசையில வச்ச ஆக்களும் ஈக்கிறாங்க. அந்தப் பக்கத்து ஒழுங்கை மாஸ்டர் ஒருத்தர் மட்டும், கொழும்பு வந்த காரணம் எண்ட எடத்துல, "பசி" எண்டு எழுதினாரு.

— முதலாளி பாக்கேல்லையோ?

— தொரைக்குத் தமிழ் வாசிக்க வராதுங்க. கீழ ரெண்டு கோட்டுல இருக்குறதை மட்டும் ஞாயித்துக்கிழமை ராவுல நஸீறா வாசிச்சுக் காட்டும்.

— பீற்றர் எழுதினதையும் வாசிச்சனீங்களோ நஸீறா?

— வாசிச்சேன்.

— என்ன எழுதியிருந்தவன்? அந்த அட்டை அவங்களிட்ட இல்லை. சொல்லுங்கோ.

— சாப்பாடு ஆறியிருந்தது. பரிமாறியவர் ஏசினார்... பொறகு இன்னொரு வரி. ஆனால் அவருக்குக் காலில் நோவு போல, நொண்டி நொண்டி நடந்தார், அவரை ஏச வேண்டாம்.

— அவன் அப்பிடித்தான்.

— அந்தப் பின்வரியைத் தொரை காதுல வாங்கல தங்கச்சி. அவருக்கு ஒரு சட்டம் இருக்கு. மூணு முறைப்பாடு வந்தா வேலை போயிரும். எனக்கு அது மூணாவது. அன்னைக்கு அடுப்படிக்காரன் வரல. நானே சுட்டு, நானே சுமந்து, பதினாலு மேசை. பசியில வாயி கெட்டுப்போச்சு, ஏசிப்புட்டேன். தொரை சொன்னாரு, அந்தக் கஸ்டமரைக் கூப்பிடு, மன்னிப்புக் கேளு, இனாமா ஒரு சாப்பாடு குடு, அவர் மனசாற நல்லதா ஒரு அட்டை எழுதிக் குடுத்தா இந்த மூணாவதை அழிச்சிர்றேன். அமெரிக்காவுல அப்புடித்தானாம்.

— அப்ப அவன் தங்கியிருந்த லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தது நீங்கள்.

— நான்தாங்க. அட்டையில நம்பரு இருந்துச்சே.

— எத்தினை தரம்?

— மூணு.

— மூண்டு நாள்.

— ஆமாங்க. மொத நாள், பரவாயில்லை ஐயா, நான் மறந்திட்டேன்னாரு. ரெண்டாம் நாள், வெளிய வரப் பயமா இருக்குன்னாரு. போன மாசந்தானே லொட்ஜுல இருந்த தமிழ் ஆளுகளப் பொலிசு பஸ்ஸுல ஏத்தி ஊருக்கு அனுப்புனாங்க. அன்னைக்கு நான் கழிப்பறைக்குள்ள நின்னு தப்புனவன் ஐயா, இப்ப ரோட்டுல எறங்க மாட்டேன்னாரு. மூணாம் நாளு நான் அழுதேன். அம்பத்தெட்டு வயசுல போன்ல அழுதேன். எனக்குப் பொழப்பு போயிரும் தம்பி, வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போங்கன்னு கெஞ்சுனேன். வந்தாரு.

— அண்டைக்குச் சூடாக் குடுத்தனீங்களோ?

— கையைச் சுடுற மாதிரி குடுத்தேன். பொக்குப் பொக்குன்னு ஊதி ஊதித் தின்னாரு. நஸீறா இனிப்புக்கு வட்டிலப்பம் வச்சிருந்துச்சு, அதையும் குடுத்தோம்.

— முதலாளி அதுக்கும் மெக்சிக்கோப் பேர்தான் வச்சீக்கிறாரு. ஏலக்காய் போடாத வட்டிலப்பம். அந்தப் புள்ள சிரிச்சிட்டு, எங்கட அக்கா இத விட நல்லாச் செய்வா எண்டிச்சி.

— இப்ப அதைச் சொல்லாதேங்கோ நஸீறா.

— மெய்யா செல்லிச்சி ராத்தா.

— பேந்து அந்த எட்டு அட்டை? அதை ஏன் குடுத்தனீங்கள் அண்ணை? தின்ன வந்தவனிட்டை எட்டு வெறும் அட்டையை ஏன் குடுத்தனீங்கள்?

— பேராசைங்க. வேற என்னா? அவரு நல்லதா எழுதித் தந்தாரு. அதோட விட்டிருக்கணும். மூணு கெட்ட அட்டைக்கு எட்டு நல்ல அட்டை இருந்தாத் தொரை என்னைய அசைக்க மாட்டாருன்னு பட்டுச்சு. தம்பி, லொட்ஜுல கூட்டாளிங்க இருப்பாங்களே, தங்கையா நல்லாக் கவனிக்கிறாருன்னு ரெண்டு வரி எழுதி வாங்கித் தாங்களேன்னு கேட்டேன். அதுக்கென்ன ஐயான்னு மடிச்சுச் சட்டைப்பையில வச்சிக்கிட்டுப் போனாரு.

— எட்டையும் நிரப்பினவன். சின்னனிலயும் வீட்டுப்பாடம் குறையிலை விடமாட்டான். ஒவ்வொருத்தனின்ர அடையாள அட்டையையும் வாங்கிப் பாத்து, இலக்கம் பிழைக்காமல் எழுதியிருக்கிறான். அடம்பன், மல்லாவி, முழங்காவில், தர்மபுரம். எல்லாம் இயக்கத்தின்ர கையில இருக்கிற அங்கால ஊர். எட்டுப் பெடியளின்ர நிரந்தர விலாசத்தையும் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு உங்கட படியில கால் வைச்சவன். மறிச்சுச் சோதிச்சவங்கள். இது என்னெண்டு கேட்டவங்கள். ரொட்டிக்கடைக்கு எண்டு சொன்னானாம்.

— அல்லாவே, யாரு நம்புவாங்க?

— ஆர் நம்புவான்? ரொட்டி திண்டவனின்ர ஊரையும் அடையாள அட்டையையும் எந்தக் கடைக்காரன் கேக்கிறவன்? நான் நீதவானாய் இருந்தாலும் நம்பமாட்டன். இயக்கத்துக்கு ஆள் சேக்கிற பாரம் எண்டு எழுதிவைச்சிருக்கிறாங்கள். எழுதிக் குடுத்த எட்டுப் பேரில அஞ்சு பேரை அண்டைக்கே லொட்ஜில வைச்சு அள்ளினது. மிச்சம் மூண்டு பேர் எங்கையெண்டு கடவுளுக்குத்தான் தெரியும்.

— இது எனக்குத் தெரியாதுங்க. அஞ்சு பேரா?

— பிடிக்கேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?

— மேல.

— கண்டனீங்களோ?

— கண்டேன்.

— இந்த ஜன்னலாலயோ?

— இதே ஜன்னல்தான். அவருக்கு நான் இங்க நிக்கிறது தெரிஞ்சுது. மேல பாத்தாரு. கையக் காட்டி, அங்க கேளுங்கன்னு அவங்களுக்குச் சொன்னாரு. நான் திரையை இழுத்து மூடுனேன்.

— ஓம். அப்பிடித்தான் அவனும் சொன்னவன்.

— சொன்னாரா? ஏசுனாரா?

— இல்லை. திரையை மூடினவர் எண்டு மட்டும் சொன்னவன்.

— அதுக்கப்புறம் அட்டைப்பெட்டியை அப்புடியே தூக்கிட்டுப் போய் அடுப்புல கொட்டுனேன். நூத்துக்கு மேல இருந்துச்சு. எத்தனை பேரோட விலாசம்! என் உசிருக்கு மட்டுமில்லை தங்கச்சி, அந்தச் சனத்துக்கும் சேத்துத்தான் கொளுத்துனேன். தொரைக்குப் போன் போட்டேன். ஞாயித்துக்கிழமையே அமெரிக்காவுக்குப் பிளேன் ஏறிட்டாரு.

— நேத்தும் கூப்பிட்டாரு. கஸ்டமரை நல்லாக் கவனிங்க எண்டு செல்லிட்டு வச்சிட்டாரு.

— அண்ணை, நான் கேக்க வந்தது ஒண்டுதான். என்னோடை வாங்கோ. இது எங்கட கடை அட்டை, நான்தான் எழுதினது, பெடியனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு அவங்களுக்குச் சொல்லுங்கோ. அங்க தமிழ் நல்லாக் கதைக்கிற பொலிஸ் மாத்தயா ஒருத்தர் இருக்கிறார். எழுதினவன் வந்தால் தம்பியை விடுறன் எண்டு சொன்னவர்.

— மாட்டேங்க.

— உங்களுக்காக வந்தவன் அண்ணை.

— தெரியும்.

— உங்கட வேலைக்காக வந்தவன்.

— தெரியுதுங்க. மாட்டேன். இந்தக் காலைப் பாருங்க. ஏன் நொண்டுறேன்னு உங்க தம்பி மட்டுந்தான் யோசிச்சாரு. இத்தனை வருசத்துல வேற எவனும் யோசிக்கல. தொண்ணூத்தாறுல கொட்டாஞ்சேனையில ஒரு சாப்பாட்டுக்கடையில நின்னேன். கடையில சாப்பிட்ட ஒருத்தன் எங்கயோ மாட்டிக்கிட்டான். சோறு போட்டவன் நான்னு என்னைய இழுத்துட்டுப் போனாங்க. பதினாலு மாசம். கடைசியில, உம்மேல ஒண்ணுமில்லை, போன்னாங்க. ஒண்ணுமில்லாததுக்கே இந்தக் கால். இப்ப நான் எழுதுனது கையோட இருக்கு. இப்பப் போனா என்னாத்தை எடுப்பாங்க?

— நான் வாரேன் ராத்தா. நான் வந்து செல்லுறேன். நானும் இந்தக் கடையில வேல செய்ற ஆள்தானே. அட்டைய வாசிச்சது நான்தானே.

— உங்களை அவங்கள் கேக்கேல்லை நஸீறா.

— யாரு கேக்கல்ல?

— கேக்கமாட்டாங்கள் எண்டு சொன்னன். எழுதின ஆளைத்தான் கேப்பாங்கள்.

— ராத்தா, கீழ ஒரு ஓட்டோ நிக்கிது. நீங்க வந்த நேரத்துல இருந்து நிக்கிது. உள்ள ரெண்டு பேரு ஈக்கிறாங்க.

— என்னோடை வந்தவை. திரும்பிப் போக வாகனம் கிடையாதெண்டு நிக்கச் சொன்னனான்.

— மேல வரச் செல்லுங்களேன். வெயில்ல எதுக்கு?

— இருக்கட்டும். அண்ணை, இந்தக் கடைக்குப் பின்பக்கம் படி இருக்கோ?

— இருக்குங்க. அடுப்படிப் பக்கமா. கடற்கரை ரயில் பாதைக்கு எறங்கும். ஏன்?

— ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்.

— கை கழுவவா? கை கழுவ இங்கயே குழாய் இருக்கு.

— தங்கையா அண்ணை, நீங்கள் இப்ப எழும்பி, அந்தப் பின்படியால... இல்லை. விடுங்கோ. பதினொரு நாள். கை உயராது அவனுக்கு. விடுங்கோ.

— என்னா தங்கச்சி சொல்றீங்க? அழுவாதீங்க. எனக்கும் பொட்டைப்புள்ள ஒண்ணு இருக்கு. வத்தளையில ஒரு வீட்டுல...

— பிள்ளையைப் பற்றிச் சொல்லாதேங்கோ.

— இல்லைங்க, நான் சொல்ல வந்தது...

— சொல்லாதேங்கோ அண்ணை! உங்களைக் கும்பிட்டன், எனக்கு உங்கட பிள்ளையைப் பற்றி ஒண்டும் தெரிய வேண்டாம்.

— சரிங்க. சொல்லல.

— ராத்தா, நான் ஒரு யோசன செல்லட்டா? அண்ணன் போகத் தேவல்ல. எழுதிக் குடுக்கட்டுமே. இந்த அட்டை எங்கட கடை அட்டை, நான் எழுதினது, இந்தப் புள்ள சாப்பிட வந்த புள்ள எண்டு அண்ணன்ட கையால ஒரு கடுதாசி. உங்கட லோயர் அத வச்சிக் கதைக்கலாமே.

— எழுதித் தருவீங்களோ அண்ணை?

— பேரு போடணுமா?

— பேர் வேண்டாம். உங்கட கையால எழுதினால் காணும்.

— வெள்ளைத் தாள் இருக்கா நஸீறா?

— தாள் முடிஞ்சிச்சி. கவுண்டர் லாச்சியில அஞ்சாறு வெறும் அட்டை ஈக்கிது. நீங்க கொளுத்தினது எழுதினதத்தானே. அந்தாங்க, பின்பக்கம் வெள்ளைதான்.

— குடு. பேனையையும் குடு. எனக்கு எழுத்து மட்டுந்தாங்க வாய்ச்சது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் என் கொப்பியத்தான் மத்தவனுக்குக் காட்டுவாரு. எழுதுறேன், கேட்டுக்கங்க. "மதிப்புக்குரிய ஐயா. பீற்றர் என்னும் இளைஞர் எமது கடைக்கு உணவு உண்ண வந்தவர். இந்த அட்டையை எழுதியவன் நானே. வெறும் அட்டைகள் எட்டை அவர் கையில் கொடுத்தவனும் நானே. எனது உத்தியோகம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அவரை மும்முறை தொலைபேசியில் அழைத்தேன். அவர் குற்றமற்றவர்." போதுங்களா?

— காணும் அண்ணை. தாங்கோ.

— இருங்க. பேரில்லாத கடுதாசியை எவன் மதிப்பான்? மொட்டைக் கடுதாசின்னு குப்பையில போடுவான். அப்புறம் அந்தப் புள்ளைக்கு என்னா பிரயோசனம்?

— அண்ணன், பேர் போடாதீங்க. அவங்கதான் வேணாம் எண்டாங்களே.

— திரையை இழுத்தது இந்தக் கைதான் நஸீறா. போடுறேன். முன்பக்கத்தைத் திருப்பு. முழுப்பெயர், பெருமாள் தங்கையா. தற்காலிக விலாசம், இந்தக் கடை. நிரந்தர விலாசம்... தோட்டத்து லயம் நம்பர் அஞ்சுன்னு போடுறேன், லயம் இருக்கோ இடிஞ்சு போச்சோ. அடையாள அட்டை இலக்கம், அது மனப்பாடம். கொழும்பு வந்த காரணம். என்னா எழுதுறது?

— பொழப்புக்கு எண்டு எழுதுங்க. வேற என்ன?

— பிழைப்புக்காக. எவ்வளவு காலம் தங்குவீர்? அதைச் சும்மா விட்டுர்றேன். இந்தாங்க தங்கச்சி. மை காயட்டும், மடிக்காதீங்க.

— மடிக்கேல்லை. இப்பிடி, அந்தப் போட்டோக்கொப்பிக்குப் பக்கத்தில வைக்கிறன். 'ழ' எழுதிறது வடிவா இருக்கு அண்ணை. கீழ வால் மாதிரி ஒரு சுழி.

— அது என்னோட பழக்கம்ங்க. சின்னதுலருந்து.

— ஓம், இதிலயும் இருக்கு.

— சாப்பாட்டைத் தொடவே இல்லைங்களே. இப்ப மெய்யாவே ஆறிப்போச்சு. இருங்க, தம்பிக்கு ஒண்ணு கட்டித் தாரேன். பாக்க விடுறப்ப குடுங்க. கை தூக்க முடியாதுன்னீங்க, சின்னச் சின்னதா வெட்டி வைக்கிறேன், நீங்களே ஊட்டி விடலாம். கொச்சிக்காய் போடல. அன்னைக்கு உறைப்பு கூடன்னு மூக்கைச் சிந்துனாரு. நஸீறா, அடுப்பைப் பத்த வையி. சூடாக் குடுப்போம்.

— நஸீறா தங்கச்சி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ.

— புழுங்குதா ராத்தா? இந்தா, தொறந்துட்டேன். கடக் காத்து வரும்.

— மாத்தயா! மேல வாங்கோ. எழுத்து ரெண்டும் ஒண்டுதான்.